பானையில் இரண்டு இருந்தன

மண்ணுளிப் பாம்பு நக்கியதால்தான் என் மணிக்கட்டில் வெள்ளை விழுந்தது என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். பெரம்பலூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். மண்ணுளி கடிக்காது, நக்கும், நக்கிய இடம் வெளுக்கும், வெளுத்தது படரும். அரியலூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து, அந்தப் பாம்புகளைக் கையில் எடுக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், என் இடது மணிக்கட்டில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெண்மை தோன்றியது. அதற்குமேல் யாருக்கு என்ன சான்று வேண்டும்?

"நக்கிடுச்சுடி," என்றார் அம்மா. "வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். தாலி ஏற வேண்டிய வயசுல எவளாவது பாம்பத் தூக்கிக் கொஞ்சுவாளா?"

நான் மறுத்துப் பேசவில்லை. விடுதியில் தங்கிப் படித்த நாளிலேயே, எந்தப் பாம்பையும் தொடுவதற்கு முன்பே, என் வலது கணுக்காலில் துவரம்பருப்பு அளவில் ஒரு வெண்புள்ளி இருந்தது. அதை நான் மட்டுமே அறிவேன். இன்னொன்றை வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தோம், ஆனால் பேசமாட்டோம். அப்பாவின் அக்கா, மணமாகாமல் எங்கள் வீட்டிலேயே இருந்து இறந்துபோனவர், புடவையைத் தரை தொடும்படி கட்டுவார். அவர் படி ஏறும்போது நான் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு பாதங்களும் பாலில் நனைத்தவை போல் இருக்கும்.

எனக்கு எட்டு வயது இளையவள் என் தங்கை மல்லிகா. வெள்ளை பாம்பிடமிருந்து வந்ததென்றால் அது என்னோடு முடிந்துவிடும். குடும்பத்தில் வருவது என்று தெரிந்துவிட்டால் மல்லிகாவைப் பெண் கேட்டு யாரும் படியேற மாட்டார்கள். அம்மா பாம்பைத் திட்டித் திட்டி மல்லிகாவைக் காத்துக்கொண்டிருந்தார். அது புரிந்த நாளிலிருந்து, விலங்கியல் படித்த நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது, வெளுத்த மண்ணுளிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த குறிப்புகளை. அவை ஆய்வகத்து அலமாரியில் இருக்கின்றன. பெட்டியின் சூடும் மணலின் ஈரமும் எலியின் அளவும் அவற்றில் உண்டு. அவற்றில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை செய்த ஒருவர் ஒரு மண்ணுளியைக் கோணியில் கட்டிக்கொண்டு எங்கள் துறை வாசலில் வந்து நின்றார். பாம்பு என்றால் அடித்துப்போடுகிறவர்கள்கூட அதை அடிக்க அஞ்சினார்களாம். மற்ற மண்ணுளிகளுக்கு உடலெங்கும் காப்பிக்கொட்டை வறுத்த நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். இதற்கு அத்திட்டுகள் இருந்தன. ஆனால் கருமை முழுதும் வடிந்து, அரைத்த சந்தனத்தின் நிறத்தில் நின்றன. வனத்துறையிடம் கல்லூரிக்கென்று வாங்கிய அனுமதிக் கடிதம் எங்களிடம் இருந்தது. துறைத் தலைவர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் விடச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த வெளுப்பு பிள்ளைக்குப் போகுமா போகாதா? கேட்டுச் சொல்லுங்கள், அவசரமில்லை" என்றார். அவர் சொன்னது ஆறேழு ஆண்டு வேலை. மண்ணுளி ஆண்டுக்கு ஒரு முறைக்குமேல் குட்டி போடாது. குட்டி வளர்ந்து தாயாக மூன்று ஆண்டுகளேனும் வேண்டும்.

அவசரமில்லாத வேலை எனக்கு ஏற்றதாக இருந்தது. ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தனியாகக் குடியிருந்தேன். சனிக்கிழமை பெரம்பலூருக்கு பஸ் ஏறுவேன். ஞாயிறு மாலை திரும்புவேன். மற்ற நாட்களில் நான் பேசியது மாணவர்களோடும், ஆய்வகத்து அட்டெண்டரோடும்தான். அவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். எல்லோரும் பாய் என்றே அழைத்தோம். அவருடைய தம்பிகள் மூவரும் துபாயில் இருந்தார்கள். இவர் மட்டும் எலி பிடித்துக்கொண்டு எங்களோடு இருந்தார்.

"சந்தனம்னு பேர் வச்சுட்டேன் டீச்சரம்மா," என்றார் மறுநாளே. "இவனுக்கு மாப்பிள்ளை முறுக்கு ஜாஸ்தி. எலிய வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிறான். பொண்ணு பாத்து வச்சாத்தான் சாப்பிடுவான் போலிருக்கு."

"பொண்ணு நீங்கதான் பாக்கணும் பாய்."

"ஒங்க வூட்டுல ஒங்களுக்குப் பாக்குறாங்க, நான் இவனுக்குப் பாக்குறேன். யாருக்கு மொதல்ல முடியுதுன்னு பாப்போம்."

சந்தனத்திற்குத்தான் முதலில் முடிந்தது. அந்தக் கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா ஆள் விட்டிருந்தார். லீவு சொல்லிவிட்டுக் கிளம்பும்போது பாயிடம், குவாரிக்காரர் இன்னும் மண்ணுளி கொண்டுவந்தால் பெண் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டுப் போனேன். பெரம்பலூரில் மணிக்கட்டு வரை வளையல் அடுக்கி உட்கார்ந்தேன். காப்பித் தம்ளரை நீட்டும்போது வளையல்கள் சரிந்தன. வந்தவர்கள் காப்பியைக் குடிக்காமல் தம்ளரைக் கீழே வைத்தார்கள். மறுநாள் ஆய்வகத்தில் ஒரு பெட்டியில், நல்ல பருமனான, கருந்திட்டுகள் கொண்ட பெண் மண்ணுளி ஒன்று மணலில் தலை புதைத்துக் கிடந்தது. பதிவேட்டைத் திறந்து எழுதினேன்: 'பெண், ஒன்று. வளர்ந்தது. தனியாக வந்தது.'

இந்த மூன்றாவது வாக்கியத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் கண்டது, மறுநாள், ஒரு பெட்டிக்குள், ஒரு பாம்பு. எழுதியதோ நான் காணாத ஒன்றை. அன்று என் மனம் இருந்த நிலையில் உலகில் எல்லாமே தனியாகத்தான் வருகின்றன என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பாய் அவளைப் பெரியவள் என்று அழைத்தார். தை மாதம் சந்தனத்தோடு சேர்த்தோம். ஆனியில் எட்டுக் குட்டிகள் பிறந்தன. எட்டும் தாயைப் போலவே கருந்திட்டுகள் கொண்டவை. எனக்கு ஏமாற்றமில்லை. சில நிறங்கள் முதல் தலைமுறையில் மறைந்து நிற்கும் என்பது வகுப்பில் நானே நடத்தும் பாடம். மகள் வளர்ந்ததும் அவளைத் தகப்பனோடே சேர்த்தால், பிறப்பவற்றில் ஏறக்குறையப் பாதி தகப்பனின் வெளுப்போடு வரும். அப்படி வந்தால் அது பரம்பரை. ஒன்றுகூட வராவிட்டால், சந்தனத்தின் வெளுப்பு அவனோடு பிறந்து அவனோடு போகும் ஒரு தற்செயல்.

மூன்றரை ஆண்டுகள் அக்குட்டிகளை வளர்த்தேன். அதற்குள் மணிக்கட்டின் வெள்ளை விரல்களுக்கு இறங்கியது. பிறகு இடது கண்ணிமைக்கு வந்தது. எனக்கு வரன் பார்ப்பதை அம்மா நிறுத்திவிட்டார். பெரம்பலூர் வீட்டிற்கு விருந்தினர் வந்தால் நான் சமையலறையிலேயே இருந்துவிடப் பழகினேன். மாலை வேளைகளில், எல்லோரும் போன பிறகு, கண்ணாடிப் பெட்டிகளின் முன் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். மண்ணுளி பகலெல்லாம் மணலுக்குள் கிடக்கும். பொழுது சாயும்போது மூக்கை மட்டும் வெளியே நீட்டும். அதற்குக் காத்திருப்பது ஒரு வேலை. அதைச் செய்யும்போது என்னை யாரும் பார்ப்பதில்லை.

இரண்டு மகள்களைச் சந்தனத்தோடு சேர்த்தேன். அந்த ஆனியில் இருவருமாகப் பதினொரு குட்டிகள் போட்டார்கள். ஒவ்வொன்றாக ஈரத்துணியில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பதினொன்றும் கருந்திட்டு. வெளுப்பு பிள்ளைக்குப் போவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். துறைத் தலைவர் இரண்டு முறை படித்துவிட்டு, "தெளிவான பதில்" என்றார். அதைத் திருச்சியில் ஒரு கூட்டத்தில் வாசிக்கவும் செய்தார்.

எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆய்வு முடிந்த நிறைவு கொஞ்சம்தான். வெளுப்பு பிள்ளைக்குப் போவதில்லை என்ற வரியை நான் என் தங்கையின் முகத்தை நினைத்துக்கொண்டே வாசித்தேன்.

அடுத்த சித்திரையில் கல்லங்குறிச்சியிலிருந்து மல்லிகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நில அளவை ஆபீசில் வேலை பார்த்தார். தந்தை, தாய், மூத்த சகோதரி சரோஜா, ஒரு சித்தப்பா என்று ஐந்து பேர். விசிறி மட்டைகள் நிற்காமல் ஆடிய அந்த வெயிலிலும் மாப்பிள்ளையின் தந்தை முழுக்கைச் சட்டையின் பொத்தான்களை மணிக்கட்டு வரை போட்டிருந்தார். இளமையில் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தவராம். அம்மா அந்தச் சட்டையைக் கௌரவம் என்று எண்ணி, அப்பாவையும் ஒரு சட்டையை மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"பாம்புக்காரம்மா எங்க, காணும்?" என்றார் சித்தப்பா. "வெளிய வரச் சொல்லுங்க. பை கிய்யி எதுவும் கொண்டாரலியே?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அதையே வாய்ப்பாகப் பிடித்துக்கொண்டு, பாம்பு நக்கிய கதையைச் சொல்லி முடித்தார். சித்தப்பா தலையை ஆட்டினார். சரோஜா ஆட்டவில்லை. தண்ணீர் குடிக்க வருவதுபோலப் பின்பக்கம் வந்து, துவைகல்லின் அருகே என்னை நிறுத்திக்கொண்டார். அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் வயதுதான் இருக்கும்.

"நீங்களும் பாடம் சொல்லிக் குடுக்குறவுங்க, நானும் பாடம் சொல்லிக் குடுக்குறவ," என்றார் மெதுவாக. "சுத்தி வளைக்காம சொல்லுங்க டீச்சர். பாம்பா, பரம்பரையா?"

ஜன்னல் வழியே மல்லிகா தெரிந்தாள். தலையில் பூ கனத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது என்பது நிற்கும் விதத்திலேயே தெரிந்தது. பாம்பு என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பொய்யைச் சொல்ல என் படிப்பு விடவில்லை. அதைவிட மோசமானதைச் சொல்ல விட்டது.

"பாம்பு இல்லீங்க. எந்தப் பாம்புக்கும் அந்தச் சக்தி கெடையாது."

"அப்ப பரம்பரை?"

"அதுவும் இல்லீங்க. என்கிட்ட ஒரு வெளுத்த பாம்பு இருக்கு. ரெண்டு தலமொறை நானே வளத்துப் பாத்துட்டேன். ஒரு குட்டிக்குக்கூட அது போகல."

சரோஜா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "படிச்சவுங்க சொன்னா சரிதான்," என்று உள்ளே போனார். வைகாசியில் திருமணம் நடந்தது.

பிறவியிலேயே வெளுத்து வரும் பாம்பும், இருபது வயதுக்குமேல் மனிதத் தோலில் படரும் வெள்ளையும் ஒன்றல்ல என்பதை எந்த விலங்கியல் மாணவரும் அறிவார். இது சில குடும்பங்களில் தொடர்வதுண்டு, பல குடும்பங்களில் தொடர்வதில்லை, உறுதியாகச் சொல்ல முடியாது என்று திருச்சித் தோல் மருத்துவர் என்னிடம் சொல்லியிருந்தார். துவைகல்லருகே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். என் அத்தையின் பாதங்களையும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் விழுங்கிவிட்டு, என் பாம்பைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினேன். கேட்டவர் மனிதரைப் பற்றிக் கேட்டார். நான் ஆய்வகத்திலிருந்து பதில் சொன்னேன். நாம் நன்கு அறிந்த ஒன்றைக் காட்டி, அறியாத ஒன்றை மறைத்துவிடுவது நம் வேலையில் எளிதாக வாய்க்கும் குற்றம். செய்யும்போது அது குற்றம்போலவே இருக்காது.

புரட்டாசியில் பாய் துபாய்க்குக் கிளம்பினார். தம்பிகள் ஒருவழியாக விசா அனுப்பிவிட்டார்கள். கடைசி நாளன்று புதுச் சட்டையோடு வந்து ஒவ்வொரு பெட்டியாகத் தட்டி விடைபெற்றார். பெரியவளின் பெட்டியருகே குனிந்து, "போய்ட்டு வரேன் தாயி. ஒம் புருசன் மருதையாத்து மணல்ல சொகமா இருப்பான், கவலப்படாத," என்றார்.

நான் சிரித்தேன். "அவ புருஷன் பக்கத்துப் பெட்டியில இருக்கான் பாய்."

"சந்தனத்தச் சொல்றீங்களா? அவன் ரெண்டாந்தாரம்ல டீச்சரம்மா. இவ வந்தப்பவே கூட ஒரு கருப்பன் பின்னிக்கிட்டுக் கெடந்தானே பானையில."

"எந்தப் பானையில?"

"நீங்க லீவுல போன அன்னிக்கி, குவாரிக்காரர் கொண்டாந்தாரே. ஒரே வளையில ரெண்டும் கெடந்துச்சாம். நீங்கதான் பொண்ணு மட்டும் போதும்னு சொல்லிட்டுப் போயிருந்தீங்க. ஆண நான் சைக்கிள்ல கொண்டுபோயி ஆத்து மணல்ல வுட்டுட்டு வந்தேன். அல்லாஹ் அறிய, ஒரு கீறல் படாம வுட்டேன்."

அவர் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த மகிழ்ச்சி இருந்தது. பல ஆண்டுகளாக அதை என்னிடம் சொல்லாமல் மறைத்ததாக அவர் எண்ணவில்லை; நான்தான் கேட்கவேயில்லை. "நல்லாச் செஞ்சீங்க பாய்," என்றேன். திருச்சி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, பெட்டிகளின் முன் முக்காலியில் உட்கார்ந்தேன்.

பெண் பாம்பு ஆணின் விந்தைப் பல மாதங்கள் தன் உடலுக்குள் வைத்திருக்க வல்லது. நான் அதைப் படித்திருந்தேன். தேர்வில் எழுதியும் இருக்கிறேன். பெரியவள் எங்களிடம் வரும்போதே மணமானவள். அந்த எட்டுக் குட்டிகளும் ஆற்று மணலில் விடப்பட்ட கருப்பனின் பிள்ளைகள். சந்தனத்தின் துளி அவற்றில் இல்லை. நான் சந்தனத்தின் பேரப்பிள்ளைகள் என்று எண்ணிய பதினொன்றுதான் உண்மையில் அவனுடைய முதல் பிள்ளைகள். முதல் தலைமுறையில் வெளுப்பு மறைந்துதான் நிற்கும். அப்படியென்றால் என் கேள்விக்குப் பதில் இன்னும் வரவேயில்லை. துறைத் தலைவர் 'தெளிவான பதில்' என்றது, நான் கையெழுத்திட்ட ஒரு வெற்றுத்தாளை.

துறைத் தலைவருக்கு அன்றே கடிதம் எழுதினேன். அது சுலபமாக இருந்தது. இன்னொரு இடத்தில் நான் சொன்ன சொல்லைக் கடிதத்தில் திருத்த முடியாது. மல்லிகா மூன்று மாதக் கர்ப்பிணி.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். திருமணம் முடிந்துவிட்டது, குழந்தை வரப்போகிறது, இனித் திருத்தி யாருக்கு என்ன பயன்? ஆனால் அந்த வாரம் முழுதும் பதிவேட்டில் ஒரு வரியும் எழுத முடியவில்லை என்பது நினைவிருக்கிறது. எலியின் எடையை எழுதப் பேனா எடுத்தாலும், இது உண்மைதானா என்று கை நின்றது.

புரட்டாசி சனிக்கிழமை கல்லங்குறிச்சி பஸ்ஸில் உட்கார இடமில்லை. பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட தானியத்தை மடியில் மூட்டையாக வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கோவில் கூட்டத்தில் சரோஜாவைக் கண்டுபிடித்து, மதிலோரம் நிழலுக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பானையை, அத்தையை, கணுக்காலின் புள்ளியை. "அன்னிக்கு உங்ககிட்ட உறுதியாச் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்ல. வரலாம், வராமலும் போகலாம். அதுதான் உண்மை."

சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பா சட்டையக் கழட்டி நீங்க பாத்திருக்கீங்களா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"முதுகு பூரா வெள்ளைதான் டீச்சர். காளவாயில சுண்ணாம்பு வெந்த தழும்புன்னு சொல்லிச் சொல்லியே எங்களையெல்லாம் வளத்தாங்க. தம்பி இன்னிக்கு வரைக்கும் அதத்தான் நம்பறான். ஒங்க வூட்டுல பாம்பு, எங்க வூட்டுல சுண்ணாம்பு." அவர் சிரிக்க முயன்றார். "அன்னிக்கு நான் ஏன் ஒங்கள அப்படிக் கேட்டேன்னு நெனைச்சீங்க? நீங்க பரம்பரைன்னு சொல்லியிருந்தா, நானும் எங்கப்பாவப் பத்திச் சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க இல்லன்னு அடிச்சுச் சொன்னீங்க. சரி, நமக்கும் அப்படியே இருக்கட்டும்னு உள்ள போயிட்டேன்."

பிறகு என் வெளுத்த கையைப் பிடித்துக்கொண்டு, தந்தை இருக்கும்வரை இதை மல்லிகாவிடமோ தம்பியிடமோ சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவர் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்தேயிருக்காது. சொன்னதே என்னை நம்பித்தான். ஒப்புக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது, ஜன்னலோரம். பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

நாங்கள் மதிலோரம் பேசியதைச் சரோஜாவின் தாய் பாதிதான் கேட்டிருந்தார். என் பாதியை. மார்கழியில் ஏதோ சின்னச் சண்டையில் அதை எடுத்து மல்லிகாமேல் வீசிவிட்டார். மறுநாளே மல்லிகா ஆறு மாத வயிற்றோடு பஸ் பிடித்து, தனியாக, கல்லூரிக்கே வந்துவிட்டாள். ஆய்வகத்து வாசற்படியைத் தாண்டவில்லை.

"என் மாமியாகிட்டயெல்லாம் நம்ம அத்தையப் பத்தி எதுக்குக்கா சொன்ன?"

"சரோஜாகிட்டதான் சொன்னேன். தப்பா ஒண்ணு சொல்லியிருந்தேன் மல்லிகா. அதத் திருத்தப் போனேன்."

"திருத்தவா? அது என்ன உன் பாம்பு நோட்டா, அடிச்சுத் திருத்த? இது என் வாழ்க்கை அக்கா." அவள் குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "பாம்பு நக்குச்சுன்னு அம்மா சொன்னதையே நீயும் சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஒரு வார்த்தை. எனக்காக அந்த ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரல. இப்ப அந்தக் கெழவி என்னை நோய்க்காரப் பரம்பரைங்குது."

அந்தக் கிழவியின் கணவனுடைய முதுகு என் நாக்கின் நுனியில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். என் தங்கை தலை நிமிர்ந்து கல்லங்குறிச்சிக்குத் திரும்பியிருப்பாள். கூடவே ஒரு முதியவர் வாழ்நாளெல்லாம் பொத்தானிட்டுக் காத்ததும், என்னை நம்பிய ஒருத்தியும் அன்றே தெருவுக்கு வந்திருப்பார்கள். பணிக்காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் கடினமானது எது என்றும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். அது பாம்புகளைப் பற்றியதாக இருக்கும் என்று எண்ணியிருப்பீர்கள். வாசற்படியின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் பேசாமல் இருந்தேன். அவ்வளவுதான்.

"உட்காரு. டீ வாங்கியாரச் சொல்றேன்," என்றேன் கடைசியில்.

"வேணாம்," என்று அவள் போய்விட்டாள். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்க என்னை அழைக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்த அம்மா, "மூக்கு ஒன்ன மாதிரியே," என்றார். சொன்ன பிறகு பயந்துபோய், "மூக்கு மட்டுந்தான்," என்று சேர்த்துக்கொண்டார்.

வேலையை விட்டுவிடவில்லை. சந்தனத்தின் உண்மையான மகள்கள் இருவரை, பிறந்ததிலிருந்து வேறெந்த ஆணையும் காணாதவர்களை, வளர்த்து அவனோடு சேர்த்தேன். ஆனி மாதத்தில் ஒரு முற்பகல், கோடை விடுமுறை இன்னும் முடியாத நாள், முதல் மகள் ஆறு குட்டிகள் போட்டாள். மூன்று, அரைத்த சந்தனத்தின் நிறம். ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க நிறம் இன்னும் தெளிந்தது. ஆறேழு ஆண்டுகள் என்று தொடங்கிய வேலைக்குப் பத்தாம் ஆண்டில் விடை வந்திருந்தது. தாழ்வாரத்திற்கு ஓடிப்போய் நின்றேன். வகுப்பறைகள் எல்லாம் பூட்டியிருந்தன. வேப்பம்பழங்கள் விழுந்து கிடந்த முற்றத்தில் யாரும் இல்லை. சற்று நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, கை கழுவி, பதிவேட்டில் எழுதினேன். அன்று மாலை பாய்க்கும் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'மாஷா அல்லாஹ், டீச்சரம்மா. பானையைப் பற்றி நான் அன்றே சொல்லாதது என் தப்பு. இங்கே எங்கு பார்த்தாலும் மணல்தான். ஒரு மண்ணுளி கண்ணில் படவில்லை' என்று எழுதியிருந்தார். தப்பு அவருடையது அல்ல என்று உடனே பதில் போட்டேன். அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்: ஒரு விலங்கு உங்கள் கைக்கு வரும்போது அதைக் கொண்டுவந்தவரை உட்காரவைத்துப் பேசுங்கள். எங்கே கிடந்தது, எதனோடு கிடந்தது, எதில் வந்தது. பெட்டியைத் துடைத்தவரிடமும் கேளுங்கள். கேட்டதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் மல்லிகாவின் மாமனார் இறந்தார். செய்தி அனுப்பினார்கள், நான் போய், பெண்களின் ஓரத்தில் நின்றுவிட்டுத் திரும்பினேன். பதினாறாம் நாள் கழிந்து மல்லிகாவிடமிருந்து ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்தது. ஏழு ஆண்டுகளில் அவள் எனக்கு எழுதிய முதல் கடிதம். 'மாமாவுக்கு எண்ணெய் வைக்கும்போது முதுகைப் பார்த்தேன். அது வெந்த தழும்பு இல்லை. உனக்கு இது முன்பே தெரியுமா?'

தந்தை இருக்கும்வரை என்றுதான் சரோஜா கேட்டிருந்தார். கணக்குப்படி நான் சொல்லலாம். ஆனால் தெரியும் என்று எழுதினால், அன்று வாசற்படியில் நான் பேசாமல் நின்றதை அவள் மீண்டும் ஒருமுறை சுமக்க வேண்டும். தெரியாது என்று எழுதவும் கை வரவில்லை. குழந்தை என்ன வகுப்பு படிக்கிறாள் என்று மட்டும் கேட்டு எழுதினேன்.

'இரண்டாவது' என்று பதில் போட்டாள். அதன் கீழே, இன்னும் சிறிய எழுத்தில், 'நன்றாகப் படிக்கிறாள். உன்னைப் போல.'

அந்தப் பெண்ணின் தோலில் இன்றுவரை ஒரு புள்ளி இல்லை. என் இரண்டு கைகளும் முழுதாக வெளுத்துவிட்டன. இனி மறைக்க எல்லை ஏதும் இல்லாததால் வளையலை விட்டுவிட்டேன். அம்மா பாம்புதான் நக்கியது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். பாய் துபாயிலிருந்து திரும்பி, லப்பைக்குடிக்காட்டில் தம் வீட்டில் இறந்தார். சந்தனம் ஒரு மழைக்காலத்தில் மணலுக்குள்ளேயே அடங்கினான். அவனுடைய பேத்தி ஒருத்தி ஆய்வகத்தின் கிழக்கு ஜன்னல் பெட்டியில் இருக்கிறாள். மாதம் ஒரு நாள் போய் முக்காலியில் உட்கார்ந்து, அவள் மூக்கை நீட்டும்வரை காத்திருக்கிறேன். கல்லங்குறிச்சியில் மல்லிகா இருக்கிறாள். ரயிலடிக்குப் பக்கத்தில் அதே அறையில் நான் இருக்கிறேன்.